புதினா உப்பின் பொய்க்குளிர்

நாட்டு மருந்துக் கடையிலே புதினா உப்பு என்று கேட்டால், கடைக்காரர் இறுக மூடிய புட்டியொன்றைத் திறந்து, ஊசி ஊசியாய், நிறமற்று மின்னும் படிகங்களில் சிறிது எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டித் தருவார். மூடி திறந்த மாத்திரத்திலே எழும் அதன் வாசனை, எதிரே நிற்பவரின் மூக்கைத் துளைத்துக் கண்ணிலும் நீரை வரவழைத்துவிடும். விஞ்ஞானிகள் மெந்தால் என்று வழங்கும் இவ்வஸ்து, 10 கரி அணுக்களும் 20 ஹைட்ரஜன் அணுக்களும் ஒரே ஓர் ஆக்ஸிஜன் அணுவும் கூடி அமைந்தது. ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது. சுமார் 42 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் உருகுவது. அதற்கு வெகு முன்னரே, திடமாக இருந்தபடியே, கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக் கொண்டிருப்பது. இதனுடன் ஓம உப்பையும் பச்சைக் கற்பூரத்தையும் சம எடையாகச் சேர்த்து ஒரு புட்டியில் இட்டு வைத்தால், தீயில்லாமலும் நீரில்லாமலும் ஒரு விந்தை நிகழ்வதைக் காணலாம். முதலில் படிகங்களின் விளிம்புகள் மழுங்கும். பிறகு புட்டியின் உட்சுவர் வியர்க்கும். சற்று நேரத்திற்கெல்லாம், மூன்று உலர்ந்த பொருள்கள் இருந்த இடத்தில் தெளிந்த எண்ணெய் போன்ற திரவம் ஒன்றே நிற்கும். ஒவ்வொன்றின் மூலக்கூறுகளும் மற்றவற்றின் ஒழுங்கான அடுக்கைக் குலைத்துவிடுவதனால், கலவையின் உருகுநிலை அறையின் உஷ்ணத்திற்கும் கீழே இறங்கிவிடுவதே இதற்குக் காரணம். தலைவலித் தைலம் செய்வோர் இந்த வித்தையை நெடுங்காலமாக அறிவார்கள். அந்தத் திரவத்தில் என்ன வீரியம் அடங்கியிருக்கிறது என்பதை மட்டும் கணக்கிட்டுப் பார்ப்பவர் குறைவு. அந்தக் கணக்கைப் பின்னால் பார்ப்போம்.

நம் வீட்டுத் துவையலுக்கும் பிரியாணிக்கும் போகிற புதினாவிலே மெந்தால் அநேகமாக இல்லையென்றே சொல்லலாம். அதன் மணத்திற்குக் காரணம் கார்வோன் என்னும் வேறொரு பொருள். மெந்தாலைத் தருவது, அதே குடும்பத்தைச் சேர்ந்ததும், வட இந்திய விவசாயிகள் 'மெந்தா' என்று அழைப்பதுமான வேறொரு செடி. உத்தரப் பிரதேசத்தின் பாராபங்கி, பதாயூன், ராம்பூர், சம்பல் முதலிய ஜில்லாக்களில் கோடைப்பயிராக விளையும் அச்செடியை அறுத்து, சற்றே வாடவிட்டு, பெரிய இரும்புக் கொப்பரைகளில் திணித்து, நீராவி செலுத்தி வடித்தால், 100 கிலோ தழையிலிருந்து அரைக் கிலோவோ முக்கால் கிலோவோ எண்ணெய் கிடைக்கும். அவ்வெண்ணெயில் முக்கால் பங்கு மெந்தால். அதைக் குளிரூட்டினால் படிகங்கள் தாமாகவே பிரிந்து நிற்கும். லக்னோவில் இருக்கும் மத்திய மருந்துச் செடி, நறுமணச் செடி ஆராய்ச்சி நிலையம் வளர்த்துக் கொடுத்த ரகங்களின் பலத்தால், உலகிற்கு வேண்டிய இயற்கை மெந்தாலில் பெரும்பகுதியை இன்று இந்தியாவே அளிக்கிறது. ஐரோப்பாவில், 1771-ஆம் வருஷம் லெய்டன் நகரத்துப் பேராசிரியர் காபியஸ் இதைப் புதினா எண்ணெயிலிருந்து பிரித்துக் காட்டினார். ஜப்பானிய விஞ்ஞானி நோயோரி கண்டறிந்த கிரியாஊக்கி முறையினால் 1980-களிலிருந்து தொழிற்சாலையிலும் இதை ஏராளமாகச் செய்கிறார்கள். அவருக்கு 2001-ஆம் வருஷத்து ரசாயன நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும் அவ்வகை ஆராய்ச்சிக்காகவே. ஒரே அணுக்கள் எட்டு விதமாக இடம்பெயர்ந்து அமையக்கூடிய இந்த மூலக்கூறின் எட்டு வடிவங்களில், செடி உண்டாக்குகிற அந்த ஒன்றுக்குத்தான் குளிர்ச்சி உணர்த்தும் சக்தி மிகுதி.

அந்தக் குளிர்ச்சி எத்தகையது? மெந்தால் களிம்பைப் புறங்கையில் தடவிக்கொண்டால், அவ்விடம் பனிக்கட்டி பட்டதுபோல் சில்லென்று இருக்கிறது. ஆனால் ஆவியாதலினால் உண்டாகும் சொற்ப வித்தியாசத்தை ஒதுக்கிவிட்டு உஷ்ணமானி வைத்துப் பார்த்தால், தோலின் உஷ்ணம் அந்த அளவுக்கு ஒன்றும் இறங்கியிருப்பதில்லை. நெடுநாள் புதிராயிருந்த இவ்விஷயத்திற்கு 2002-ஆம் வருஷத்தில், ஒருவரோடொருவர் கலக்காமல் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள், டேவிட் ஜூலியஸ் தலைமையில் ஒன்றும் ஆர்டெம் படபூட்டியன் தலைமையில் ஒன்றுமாக, ஏககாலத்தில் விடை கண்டன. தோலில் வந்து முடிகிற சில நரம்பிழைகளின் மேற்சுவரிலே, டி.ஆர்.பி.எம்.8 என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் நுண்ணிய வாயிலாக அமைந்திருக்கிறது. தோலின் உஷ்ணம் 25 முதல் 28 டிகிரிவரையுள்ள எல்லைக்குக் கீழே இறங்கும்போது அது திறக்கும். கால்சியம், சோடியம் ஆகியவற்றின் அயனிகள் உள்ளே புகும். உடனே மூளைக்குக் 'குளிர்' என்ற செய்தி போகும். மெந்தால் மூலக்கூறு அதே புரதத்தில் வந்து பொருந்தி, குளிர் இல்லாதபோதே அவ்வாயிலைத் திறந்துவிடுகிறது. வாசலில் விருந்தாளி எவரும் வராதிருக்கும்போதே அழைப்பு மணியை அடித்துவிட்டு ஓடும் தெருப் பிள்ளையின் காரியம் இது; உள்ளே இருப்பவர் எழுந்து வந்துதானே தீரவேண்டும்! ஜூலியஸும் படபூட்டியனும் உஷ்ணத்தையும் ஸ்பரிசத்தையும் நாம் அறியும் வழிகளைக் கண்டறிந்ததற்காக 2021-ஆம் வருஷத்து மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்தப் பொய்க்குளிரை உடம்பும் மெய்யென்றே நம்புகிறது என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. சுண்டெலிகளின் உடம்பெங்கும் மெந்தாலைப் பூசிப் பார்த்தபோது, அவை குளிருக்கு அஞ்சிய பிராணிகளைப் போலவே நடந்துகொண்டு வெப்பத்தைச் சேமிக்க முற்பட்டதால், அவற்றின் உடல் உஷ்ணம் இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. ஜுரத்தில் கிடப்பவரின் நெற்றியிலும் மார்பிலும் தைலத்தை அள்ளித் தேய்த்து, உடம்பு குளிர்ந்துவிட்டதென்று திருப்தி கொள்வோர் இதைக் கவனிக்கவேண்டும். நோயாளிக்கு இதம் கிட்டியிருக்கலாம், ஜுரம் இறங்கியிராது.

மூக்கடைப்பின் கதையும் இதுவே. ஜலதோஷம் பிடித்தவர் மெந்தால் வில்லையொன்றை வாயிலிட்ட சில நிமிஷங்களில், 'அப்பாடா, மூக்கு திறந்துவிட்டது' என்கிறார். கார்டிஃப் சர்வகலாசாலையில் ஜலதோஷத்தையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்ட ரொனால்ட் எக்கிள்ஸும் அவருடைய துணைவர்களும், 11 மில்லிகிராம் மெந்தால் கொண்ட வில்லைகளை ஜலதோஷக்காரர்களுக்குக் கொடுத்து, மூக்கில் காற்று செல்வதற்கு உண்டாகும் தடையைக் கருவியால் அளந்து பார்த்து, 1990-இல் வெளியிட்டார்கள். சுவாசம் சுலபமாயிற்று என்று அவர்கள் சொன்னதும் வாஸ்தவம். கருவியிலே தடை சற்றும் குறையாதிருந்ததும் வாஸ்தவம். நாம் உள்ளிழுக்கும் காற்றின் ஓட்டத்தை, அது மூக்கின் உட்புறத்தைக் குளிர்விப்பதைக் கொண்டே அறிகிறோமாதலால், குளிர்ச்சியைப் பொய்யாக உண்டாக்கினால் காற்றோட்டமும் பெருகியதாகவே தோன்றுகிறது.

இதனால் மெந்தாலை வெறும் மோசடி என்று தள்ளிவிட வேண்டும் என்பது என் கட்சி அன்று. இரவெல்லாம் மூக்கடைத்துப் புரளுகிறவருக்கு, அடைப்பு இருக்கும்போதே அதன் உபத்திரவத்தை மறந்து உறங்க முடிந்தால், அதுவும் ஒரு நிவாரணந்தான். ஜலதோஷத்தைத் தீர்க்கும் மருந்து எதுவும் நம் கையில் இல்லாத நிலையில், சாமானியமான நிவாரணமும் அன்று. ஆனால் இதம் தரும் அதே குணமே, இடம் தவறினால் அபாயமாகிறது. மூச்சுத் திணறும் உணர்ச்சியையும் மெந்தால் ஆவி ஓரளவு தணிப்பதைப் பரிசோதனைகள் காட்டியிருக்கின்றன. ஆஸ்துமா முற்றி வருகையில் ஒருவர், மெந்தால் உறிஞ்சு குழாயை அடிக்கடி முகர்ந்து, 'இப்போது தேவலை' என்று டாக்டரிடம் போவதை ஒத்திப்போட்டால், மூச்சுக் குழல் சுருங்குவது சுருங்கிக்கொண்டேதான் இருக்கும். சிகரெட்டில் மெந்தால் சேர்ப்பதும் இந்த வித்தையைக் கொண்டுதான். புகையின் எரிச்சலை மறைத்து, புதிதாகப் பழகும் இளைஞனுக்கு அதைச் சுகமாக்கிவிடுகிற காரணத்தால், ஐரோப்பிய ஒன்றியம் 2020-ஆம் வருஷம் அவ்வகைச் சிகரெட்டுகளை விலக்கிற்று.

வலிக்கு மெந்தால் உதவுவதில் சந்தேகமில்லை. ஜெர்மனியில் ஹார்ட்முட் கோபெல் என்பவரும் குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், மெந்தால் கொண்ட பெப்பர்மின்ட் எண்ணெயை 100-க்கு 10 பங்காக ஆல்கஹாலில் கரைத்து நெற்றியிலும் பொட்டிலும் தடவியதனால், மன அழுத்தத்தாலும் தசை இறுக்கத்தாலும் வரும் சாதாரணத் தலைவலி, 1000 மில்லிகிராம் பாராசிட்டமால் உட்கொண்டதற்கு இணையாகத் தணிந்தது. சுளுக்குக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் தைலம் தேய்க்கும் வழக்கத்தின் பின்னேயும் நியாயம் இருக்கிறது. குளிர்ச்சியின் செய்தி நரம்பில் பெருகும்போது வலியின் செய்தி பின்தள்ளப்படுகிறது. இங்கே விவாதிக்க வேண்டியது அளவு ஒன்றையே. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதிகள், வலிக்குப் பூசும் மருந்துகளில் மெந்தால் 100-க்கு 1.25 முதல் 16 பங்குவரை இருக்கலாம் என்றும், அரிப்புக்குப் பூசுவதில் 1 பங்கைத் தாண்டக்கூடாதென்றும், இருமலுக்கு மார்பில் தடவும் களிம்பில் 2.6 முதல் 2.8 பங்கு என்றும் வரையறுத்தன. பூசும் மருந்தில் கற்பூரம் 11 பங்கைத் தாண்டலாகாது.

இப்போது நாம் முன்பு ஒத்திவைத்த கணக்குக்கு வருவோம். மூன்று உப்பும் சமமாகச் சேர்த்து உருகி நிற்கும் அந்தத் திரவத்தில் மெந்தால் 33 பங்கு, கற்பூரம் 33 பங்கு, எஞ்சியது ஓம உப்பு. அதே அளவு தேங்காயெண்ணெயை ஊற்றிப் பாதியாக நீர்க்கச் செய்தாலும், மெந்தால் அந்த மேல் எல்லைக்குச் சற்று உயரத்திலேயே நிற்கும். கற்பூரமோ வரம்புக்கு வெகுவாக மேலே. மூன்று பங்கு, நான்கு பங்கு எண்ணெயோ மெழுகோ சேர்த்த பிறகே அது சருமத்தில் படத் தகுந்ததாகும். கலக்காத திரவத்தை விரலால் தொட்டு நெற்றியில் இழுத்துக்கொள்ளுகிறவர்கள், 'வீட்டுச் சரக்கு, ஒன்றும் செய்யாது' என்று சொல்லிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். வீட்டில் செய்ததென்பதற்காக எந்த வஸ்துவும் தன் வீரியத்தைக் குறைத்துக்கொள்வதில்லை.

கடையில் வாங்கும் களிம்பினாலும் விபத்து நேர்ந்திருக்கிறது. தசைவலிக்குப் பூசும் மருந்துகளால் தோல் வெந்துபோன 43 பேரின் விவரங்களை ஆராய்ந்து, அதே அமெரிக்க நிர்வாகம் 2012-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் எச்சரிக்கை விடுத்தது. இவ்வகைத் தீப்புண்கள் அபூர்வமே. ஆயினும் கடுமையானவற்றில் பெரும்பாலானவை, மெந்தால் 3 பங்குக்கு மேலோ, அத்துடன், பின்னால் சொல்லப்போகும் மெத்தில் சாலிசிலேட் 10 பங்குக்கு மேலோ கொண்ட மருந்துகளால் நேர்ந்தவை. சிலருக்கு ஒரே ஒரு தடவை பூசியதிலேயே ஏற்பட்டவை. ஆகையால் தைலம் தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பையையோ மின்சார வெப்பப் பட்டையையோ வைக்கக்கூடாது; இறுக்கித் துணி சுற்றவும் கூடாது. இரண்டினாலும் மருந்து தோலுக்குள் அதிகமாக இறங்குகிறது; அதோடு, பொய்க்குளிரில் ஏமாந்திருக்கும் நரம்பு, சுடுகிறது என்பதைச் சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாமல் விட்டுவிடலாம். கீறல், சிரங்கு, சவரம் செய்த புதுத் தோல் ஆகியவற்றில் தடவலாகாது. பூசிய இடம் சிவந்து, கொப்புளித்து, எரிய ஆரம்பித்தால் 'மருந்து வேலை செய்கிறது' என்று பொறுத்துக்கொண்டிராமல் கழுவிவிட வேண்டும். தேய்த்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணைக் கசக்கினவர்களுக்கு நான் சொல்லவேண்டியது ஒன்றுமில்லை.

பெரியவர்களுக்கு இவ்வளவு போதும். கைக்குழந்தையின் விஷயமே வேறு. சளி பிடித்த குழந்தையின் மூக்கு நுனியிலும், சில வீடுகளில் மூக்குத் துவாரத்தினுள்ளேயுமே, களிம்பை ஒரு பொட்டுத் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கிறது. பாட்டிமார் அன்பினாலே செய்வது, இருந்தும் விலக்கத் தக்கது. சின்னஞ்சிறு குழந்தையின் மூக்கின் உட்புறத்தில் மெந்தாலின் கடுமை தாக்கினால், குரல்வளை சட்டென இறுகி மூடிக்கொள்ளவும், சுவாசம் சில கணங்கள் நின்றுவிடவும் கூடும்; குழந்தை நீலம் பாரித்துப்போன சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் வெகுநாளாகப் பதிவாகி வந்திருக்கின்றன. 2009-ஆம் வருஷத்தில் அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த புரூஸ் ரூபினும் மற்றவர்களும், மூக்கினடியில் களிம்பு தடவப்பட்டதும் கடும் மூச்சுத் திணறலுக்கு ஆளான 18 மாதக் குழந்தையொன்றைக் கண்டு, அதன் காரணத்தை ஆராயப் புகுந்தார்கள். நீர்நாயினத்துக்கு உறவான ஃபெரெட் என்னும் பிராணியின் மூச்சுக் குழலில் அக்களிம்பைச் சோதித்தபோது, கோழை சுரப்பது அதிகமாயிற்று. அதை வெளியேற்றும் நுண்மயிர்களின் வேகமோ குறைந்தது. பெரியவரின் அகன்ற குழலிலே இது பெரிதாகத் தெரியாது. குழந்தையின் நூல் போன்ற குழலில், மயிரிழை அளவு கோழையும் பெரிய அடைப்பாகும்.

வேறொரு காரணமும் உண்டு. உடம்பில் சேர்ந்த மெந்தாலைக் கல்லீரல் குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்தத் திறமை இன்னும் முதிர்ந்திராது. மஞ்சள் காமாலையின் பித்த நிறமியையும் அதே முறையில்தான் கழிக்கவேண்டியிருப்பதால், இரண்டும் ஒருங்கே வந்தால் சுமை கூடும். ஜி6பிடி என்னும் நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு மெந்தால் கலந்த பொருள்களினால் காமாலை அபாயம் மிகுதியாவதை, நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து மருத்துவர்கள் 1980-இல் எடுத்துக் காட்டினார்கள். அவர்களில் ஒருவரான ரான்சம்-குட்டி பிற்காலத்தில் அந்நாட்டின் சுகாதார மந்திரியானார். அந்த நொதிக் குறைவு இந்தியாவிலும் சில சமூகங்களில் கணிசமாக உண்டு. சோதித்துப் பார்த்தாலொழியத் தாய்க்கோ தந்தைக்கோ தெரியாது. எனவே இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்கு மெந்தாலும் கற்பூரமும் கலந்த களிம்பு எதுவும் வேண்டாம் என்ற நியதியை, அநேகமாக எல்லாப் புட்டிகளின் மேலும் சிறு எழுத்தில் அச்சிட்டிருக்கிறார்கள். இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு மார்பிலும் கழுத்திலும் மெல்லத் தடவுவதால் பயன் இருப்பதையும் நேர்மையாகச் சொல்லியாகவேண்டும். பென்சில்வேனியா ராஜ்ய சர்வகலாசாலையார் 2 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் செய்து 2010-இல் வெளியிட்ட பரிசோதனையில், களிம்பு தடவப்பட்ட பிள்ளைகள் நன்றாக உறங்கினார்கள், பெற்றோரும் உறங்கினார்கள். பலருக்குத் தோலிலோ கண்ணிலோ சிறிது எரிச்சல் உண்டாயிற்று என்பது அதனுடன் சேர்த்துப் படிக்கவேண்டிய செய்தி. ஆவி பிடிப்பதில் மெந்தாலைவிடக் கொதிநீரே பெரிய ஆபத்து; போர்வைக்குள் பிள்ளையையும் கொதிக்கும் பாத்திரத்தையும் சேர்த்து வைப்பதை நினைத்தாலே எனக்கு நடுக்கம் எடுக்கிறது.

உள்ளுக்குச் சாப்பிடும் வகையில், குடல் இசிவினால் அவதியுறுவோருக்குப் பெப்பர்மின்ட் எண்ணெய் மெய்யாகவே உதவுகிறது. மெந்தால் அங்கே குடற்சுவரின் தசைகளுக்குள் கால்சியம் புகுவதைத் தடுத்து அவற்றைத் தளர்த்துகிறது. ஜப்பானில் இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் மருத்துவர்கள், இரைப்பையின் அசைவை அடக்குவதற்கு மெந்தால் கரைசலையே உள்ளே தெளிக்கிறார்கள். ஆனால் அதே தளர்ச்சி உணவுக் குழலின் கீழ் வாயிலில் ஏற்பட்டால் அமிலம் மேலே ஏறி நெஞ்செரிச்சல் உண்டாகுமாதலின், 0.2 மில்லி அளவுள்ள எண்ணெய் உறைகளை இரைப்பையில் கரையாமல் குடலில் சென்று கரையும்படி செய்திருக்கிறார்கள்; அவற்றை மென்று விழுங்குவதும், அமிலமாற்றி மருந்துடன் சேர்த்து உட்கொள்வதும் அந்த ஏற்பாட்டையே கெடுத்துவிடும். தொண்டைக்கான வில்லையொன்றில் 5 முதல் 10 மில்லிகிராம் மெந்தால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டாக அமைத்த நிபுணர் குழு, தினந்தோறும் உட்கொள்வதற்கு உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லிகிராம் வரை தோஷமில்லை என்று கண்டிருப்பதால், நாளொன்றுக்கு ஐந்தாறு வில்லைகள் சப்புகிற பெரியவருக்குக் கவலையில்லை. நாட்டு மருந்துக் கடைப் படிகம் அப்படியன்று. ஒரு சிட்டிகையே பல வில்லைகளுக்குச் சமம். வயிற்று வலிக்கென்று அதை வாயில் போட்டு வெந்நீர் குடிப்பதை எவர் சிபாரிசு செய்தாலும் ஏற்காதிருப்பதே விவேகம். ரத்தம் உறைவதைத் தடுக்க வார்ஃபாரின் சாப்பிடுகிறவர்கள், மெந்தால் வில்லையையோ வலித் தைலத்தையோ தொடர்ந்து பயன்படுத்துமுன் தங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும்.

தைலப் புட்டிகளிலே மெந்தாலுடன் கூடவே இருக்கும் சகவாசிகள் மெந்தாலைக் காட்டிலும் கொடியவர்கள். தசைவலித் தைலங்களுக்கு அந்தப் பிரசித்தமான மருந்து வாசனையைத் தருகிற மெத்தில் சாலிசிலேட், அதாவது வின்டர்கிரீன் எண்ணெய், சுத்தமாக ஒரு தேக்கரண்டி குடிக்கப்பட்டால், 325 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரைகள் இருபதுக்குமேல் விழுங்கியதற்கு ஒப்பாகும். சிறு குழந்தையின் உயிரைப் போக்க அது போதும். கற்பூரமோ விழுங்கிய சில நிமிஷங்களிலேயே வலிப்பை உண்டாக்கவல்லது. சிங்கப்பூரிலிருந்து வருகிறவர்கள் உறவினர் ஒவ்வொருவருக்கும் ஒன்று என்று வாங்கி வந்து பங்கிட்டுக் கொடுக்கும் கோடாலித் தைலமும், மற்றும் நம் அலமாரிகளில் இருக்கும் தைலங்கள் பலவும், இனிய வாசனையும் விரலளவுப் புட்டியுமாக, தவழும் பிள்ளையின் கைக்கு எட்டும் தலைமாட்டிலேயே வைக்கப்பட்டிருப்பது நம் வீடுகளில் தினசரிக் காட்சி.

பிள்ளை அதைக் குடித்துவிட்டதென்று தெரிந்தால், உப்பு நீர் கொடுத்தும் தொண்டையில் விரலிட்டும் வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. எண்ணெய் மூச்சுக் குழலில் இறங்கி நுரையீரலைப் புண்ணாக்கும், வலிப்புக் கண்டுகொண்டிருக்கும்போது வாந்தி வந்தாலோ மேலும் விபரீதம். வாயைத் துடைத்துவிட்டு, நேரே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். போகும்போது காலியான புட்டியையும் கையோடு எடுத்துச் செல்லவேண்டும். கற்பூரம் கலந்ததாயின் டாக்டர் வலிப்பை எதிர்பார்த்துத் தயாராவார், சாலிசிலேட் கலந்ததாயின் ரத்தத்தில் அதன் அளவைச் சில மணிக்கொருதரம் சோதித்தபடி குழந்தையை ஆஸ்பத்திரியிலேயே நிறுத்திக்கொள்வார். எது கலந்திருந்தது, எத்தனை பங்கு என்பதை அவருக்குச் சொல்லக்கூடியது அந்தப் புட்டியின் மேல் ஒட்டிய காகிதம் ஒன்றே.